துணிக்கு முன்னே தண்ணீர்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் எங்கும் ஒரே காட்சிதான். ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு பழைய துணி, வரிசையாக நிற்கும் கார்கள். துடைப்பவர் துணியை வாளியில் முக்கிப் பிழிந்து, முதல் காரின் கூரையில் தொடங்கிச் சக்கரம் வரை துடைப்பார். அதே துணியை அதே வாளியில் அலசிக்கொண்டு அடுத்த காருக்குப் போவார். ஏழு மணிக்குள் எல்லாக் கார்களும் பளபளக்கும். மாதம் முப்பது நாளும் இது நடக்கிறது. அந்தக் கார்களில் கறுப்பு அல்லது கருநீல நிறத்தில் ஒன்றை நடுப்பகல் வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை ஓட்டும்போது பட்டவை இல்லை, துடைக்கும்போது பட்டவை. வீட்டில் கார் கழுவச் சிறந்த வழி எது என்று கேட்டால் உடனே ஷாம்பு, ஸ்பாஞ்ச், மெஷின் என்று பொருள்களின் பட்டியல் வந்துவிடுகிறது. பொருளைவிட வரிசைதான் முக்கியம் என்பது என் வாதம். கை படாமல் போகக்கூடிய அழுக்கையெல்லாம் கை படாமலேயே போக்கிவிட வேண்டும், மிஞ்சியதை மட்டும் தொட வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெயின்ட் பிழைக்கும், தண்ணீர் மிச்சமாகும், நேரமும் குறையும். மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பார்க்கக் காரின் தோலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் பெயின்ட் என்று சொல்வது ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறத்தைத் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான், தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. காருக்குப் பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்கி நிறத்தை வெளுக்காமல் தடுப்பதும் இந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான். அது எவ்வளவு மென்மையானது என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சில ஆண்டுகள் ஓடிய எந்தக் காரிலும் கதவுக் கைப்பிடியின் பின்னாலுள்ள குழிவைப் பாருங்கள். விரல் நகம் பட்டுப் பட்டே அங்கே கீறல் விழுந்திருக்கும். நகத்துக்கே தாங்காத ஒரு பரப்பின் மேல்தான் தெருப்புழுதி படிந்த துணியைத் தினமும் இழுக்கிறோம். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமே என்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்துச் சமன் செய்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பாது.

தெருப்புழுதியில் என்ன இருக்கிறது? மகரந்தம், புகைக்கரி, டயர் தேய்ந்த தூள், பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள், எல்லாவற்றுக்கும் மேலாக மணல். மணலின் முதன்மைக் கனிமம் குவார்ட்ஸ். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் டால்க் 1, வைரம் 10. குவார்ட்ஸ் அதில் 7ஆம் இடத்தில் நிற்கிறது. சன்னல் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரை, விரல் நகம் இரண்டரை. தமிழ்நாட்டு நகரங்களில் இன்னொரு சேர்மானமும் உண்டு. ஆற்று மணலுக்குப் பதிலாகக் கட்டுமானத்துக்கு வந்துவிட்ட எம்-சாண்ட், கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்துச் செய்வது. ஆறு உருட்டி உருட்டி மழுக்கிய மணலின் உருண்டை முனை அதற்குக் கிடையாது. உடைந்த கல்லின் கூர்முனைகள் அப்படியே இருக்கும். தெருவுக்கு ஒரு வீடு கட்டப்படும் ஊரில் அந்தத் தூள் கார் மேல் படியாமல் வேறெங்கே போகும்? இந்தத் துகள் ஒன்று துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அந்த நொடியிலிருந்து அந்தத் துணி உப்புத்தாள்தான். துணி எவ்வளவு மிருது என்பதும், கை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதும் அதன் பிறகு பெரிய வித்தியாசம் செய்வதில்லை. வலை வட்டமாகத் தெரிவதற்குக் காரணம் வட்டமாகத் துடைத்தது மட்டுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரிய ஒளிக்குக் குறுக்காக விழுந்தவை மட்டும் ஒளியை நம் கண் பக்கம் திருப்புவதால், ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்டமாக அடுக்கியதுபோல அவை தெரிகின்றன. நாம் பார்க்கும் வலை, உண்மையில் இருக்கும் கீறல்களில் ஒரு பகுதிதான்.

இனி இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி. புழுதியைத் தொடாமலேயே போக்க முடியுமா? வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறி இதற்குப் பாதி பதில் சொல்கிறது. 1,200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால் அதன் இறக்கை முனை மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம் அது. இருந்தும் இறக்கையின் மேல் தூசி அப்பிக்கொண்டுதான் இருக்கிறது. பரப்பை ஒட்டியிருக்கும் காற்று பரப்போடு சேர்ந்தே நகர்வதுதான் காரணம். பரப்பைத் தொடும் இடத்தில் காற்றின் ஒப்புவேகம் சுழியம், அங்கிருந்து விலக விலகத்தான் வேகம் கூடும். அந்த மெதுவான மெல்லிய படலத்துக்குள் பதுங்கிவிடும் அளவுக்குச் சிறிய துகளை எந்தக் காற்றும் தள்ளாது. தண்ணீர் ஓட்டத்துக்கும் இதே விதிதான். ஆனால் பெரிய துகளின் கதை வேறு. ஒரு துகள் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் விசை அதன் விட்டத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஓடும் நீர் அதைத் தள்ளும் விசையோ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 10 மைக்ரான் துகளோடு ஒப்பிட்டால் 100 மைக்ரான் மணல் பத்து மடங்கு வலுவாக ஒட்டுகிறது, ஆனால் நூறு மடங்கு வலுவாகத் தள்ளப்படுகிறது. எடையோ ஆயிரம் மடங்கு. ஆக, எந்தத் துகள் கிளியர் கோட்டில் ஆழமாகக் கீறுமோ, அதுவேதான் தண்ணீர் பட்டதும் முதலில் ஓடும் துகள். இயற்கை நமக்குச் செய்து வைத்திருக்கும் பெரிய உதவி இது. முதல் அலசலுக்குப் பிறகு காரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நுண்ணிய களிமண், கரி, எண்ணெய் கலந்த மங்கலான படலம். அதைத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும், தொட்டாலும் பெரிய ஆபத்து இல்லை. அழுக்கு போகவில்லையே, வெறும் தண்ணீரை ஏன் வீணாக்க வேண்டும் என்று இந்த முதல் அலசலைத் தாண்டிவிடுகிறவர்கள், கார் கழுவுதலின் மிக முக்கியமான இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த அலசலின் வேலை அழுக்கை நீக்குவதல்ல, மணலை நீக்குவது.

மிஞ்சிய படலத்தை எடுக்க ஷாம்பு வேண்டும். தண்ணீரின் பரப்பு இழுவிசை பெரியது. மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அதனால் எண்ணெய் படிந்த இடத்தில் அது பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஷாம்புவின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறு முனை எண்ணெயை விரும்பும். சிறிது கலந்தாலே இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கி, தண்ணீர் அழுக்கின் அடியில் புகுந்து அதைத் தூக்கிச் சூழ்ந்துகொள்கிறது. இந்த இயலை முதன்முதலில் கவனமாக அளந்தவர்களில் ஒருவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டு வேலைகளைக் கவனித்துவந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலத்தில், அடுப்படித் தொட்டித் தண்ணீரில் எண்ணெயும் அழுக்கும் பரப்பை எப்படி மாற்றுகின்றன என்று தானே கருவி செய்து அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை இயற்பியலாளர் ராலே பிரபு 1891இல் நேச்சர் இதழுக்கு அனுப்பி அச்சிடச் செய்தார். பரப்பு வேதியியல் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வந்தது என்பதால், பாத்திரம் கழுவும் பொருளையே காருக்கும் போடலாம் என்று ஆகிவிடாது. பாத்திரம் தேய்க்கும் பார் சோப்பில் கறை நீக்கக் கனிமப் பொடி சேர்க்கிறார்கள். வெளியே அனுப்பிய மணலை அது வேறு உருவில் உள்ளே கொண்டுவரும். துணி சோப்புத்தூள் காரத்தன்மை மிகுந்தது. பாத்திரம் கழுவும் திரவம் ஒருமுறை போட்டால் கார் கெட்டுவிடாது. ஆனால் நெய்ப்பிசுக்கைக் கரைக்கச் செய்த அது பெயின்ட் மேல் போட்ட வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். காருக்கென்று விற்கும், காரமும் அமிலமும் இல்லாத ஷாம்பு ஒரு வாளிக்கு ஒன்றிரண்டு மூடி போதும். நுரை நிறைய வந்தால் நன்றாகக் கழுவுகிறது என்பது தவறான எண்ணம். ஷாம்புவின் பெரிய பயன் வழுக்கலில் இருக்கிறது. தப்பித்தவறி மிஞ்சிய துகள் துணிக்கு அடியில் அழுந்தி உழாமல் வழுக்கிக்கொண்டு போக அது உதவுகிறது.

வாளி விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். துணி காரிலிருந்து எடுத்த மணல் வாளிக்குள் போகிறது, அடுத்த முக்கலில் அதே துணியில் ஏறிக் காருக்குத் திரும்புகிறது. ஒரே வாளி என்றால் அது மணலைச் சுற்றுக்கு விடும் இயந்திரம். இதற்கு இரண்டு வாளி முறை என்று ஒன்று உண்டு. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு, பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். அலசும் வாளியின் அடிக்குப் போன மணல் அங்கேயே கிடக்குமா என்பது நியாயமான சந்தேகம். திரவத்தில் துகள் இறங்கும் வேகத்துக்கு இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதியைக் கொண்டு கணக்குப் போடலாம். 100 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் தண்ணீரில் நொடிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும். 25 சென்டிமீட்டர் ஆழ வாளியின் அடியை அரை நிமிடத்தில் தொட்டுவிடும். 50 மைக்ரான் துகளுக்கு இரண்டு நிமிடம். 10 மைக்ரான் துகளுக்கு முக்கால் மணி நேரம்வரை ஆகலாம், ஆனால் அது அவ்வளவு தீங்கும் செய்யாது. ஆகவே துணியை வாளியின் மேற்பாதியில் மட்டும் அலச வேண்டும், கையை அடிவரை விட்டுக் கலக்கக் கூடாது. ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே அரை நிமிடம் விட்டாலே பெருமணல் அடங்கிவிடும். இவ்வளவு எளிய பழக்கம் விலை உயர்ந்த எந்தப் பாலிஷையும்விட அதிகப் பலன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன். இன்னும் நல்ல வழி, வாளிக்குத் துணியைத் திருப்பி அனுப்பாமலே இருப்பது. ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணிகளை ஷாம்புத் தண்ணீரில் ஊற வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம். எட்டும் முடிந்தால் அந்தத் துணி ஓரமாகப் போய்விட வேண்டும். இப்படிச் செய்தால் ஒரே வாளி போதும், அதிலிருக்கும் தண்ணீர் கடைசிவரை மணல் இல்லாமல் இருக்கும். மைக்ரோஃபைபர் இழை, பருத்தி இழையைவிடப் பலமடங்கு மெல்லியது. அதன் பிளந்த இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் துகளைத் தம்முள் இழுத்துக்கொள்கின்றன. பழைய பனியன் துணி அதை மேலேயே வைத்துத் தேய்க்கிறது. கீழே விழுந்த துணியை மட்டும் அப்படியே எடுத்துத் துடைக்காதீர்கள், அது தரையிலிருந்து மணலோடு எழுந்திருக்கிறது.

எங்கே தொடங்குவது என்பதும் இந்த விதியிலிருந்தே வருகிறது. சக்கரங்கள்தான் அழுக்கின் உச்சம், அவற்றைத் தனித் துணியால் முதலில் முடித்துவிட்டால் அங்கிருந்து தெறிப்பது கழுவிய கதவில் படாது. பிறகு கூரை, கண்ணாடி, பானெட், கதவுகளின் மேற்பாதி. டயர் வாரியிறைக்கும் மணல் எல்லாம் சேரும் கதவின் அடிப்பகுதியும் பம்பரின் கீழ்ப்பகுதியும் கடைசி. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், துணியின் எடை போதும் என்ற அளவுக்கு மட்டும் அழுத்தி இழுக்க வேண்டும்.

அடுத்த எதிரி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுக் கார் கழுவலுக்குப் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் கிடைக்கிறது, அதில் பெரும்பகுதி கடினநீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை ஒப்புக்கொள்கிறது. கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். கழுவி முடித்த காரில் கால் லிட்டர் தண்ணீர் துளித்துளியாக ஒட்டியிருந்து காய்ந்தால், கால் கிராம் உப்பு நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகளாக அங்கேயே தங்கும். தண்ணீர் ஆவியாகும்போது கால்சியம் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் கால்சியம் கார்பனேட் படிகிறது. கீசருக்குள் படியும் வெள்ளைப் படிவமும் குளியலறைக் குழாயில் ஏறும் உப்பும் இதேதான். ஒருமுறை படிந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. வினிகர் போன்ற மென்மையான அமிலத்தைத் தண்ணீரில் கலந்து துடைக்க வேண்டும், உடனே அலசவும் வேண்டும். வெயிலில் நிறுத்திக் கழுவுவது இதனால்தான் பெரிய தவறு. கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் பானெட்டில் தண்ணீர் நம் கைக்கு முன்னால் காய்ந்துவிடும், ஷாம்புவும் உப்பும் சேர்ந்து திட்டுத்திட்டாக உறைந்துவிடும். விடிகாலையோ மாலை நிழலோதான் சரியான நேரம். கடைசி அலசல் முடிந்த கையோடு, உலர்ந்த தடித்த மைக்ரோஃபைபர் துணியைப் பரப்பின் மேல் விரித்து மெல்ல இழுத்துத் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். காற்றில் காயவிடுவது சோம்பலுக்குச் சுகம், பெயின்டுக்குச் சுகமில்லை.

இங்கே ஒரு பரவலான அறிவுரையைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சேமித்துக் கார் கழுவுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அதை வீணாக்காத எண்ணம் உயர்ந்தது. ஆனால் சவ்வைத் தாண்டாத உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. உள்ளே போன நீரில் பாதி சுத்த நீராக வந்தால், மீதிப் பாதியில் உப்பின் செறிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதைக் கடைசி அலசலுக்கு ஊற்றினால் வெள்ளைப் புள்ளியை நாமே கொண்டுவந்து வைப்பதாகும். மணலைத் தள்ளும் முதல் அலசலுக்கும் சக்கரத்துக்கும் அது தாராளமாக ஆகும். கடைசி அலசலுக்கு வீட்டில் இன்னொரு நீர் சும்மா போய்க்கொண்டிருக்கிறது. ஏ.சி.யின் வடிகுழாயில் சொட்டும் நீர், காற்றிலிருந்த ஆவி குளிர்ந்து திரண்டது. கிணற்று உப்பு அதில் இல்லை. ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் ஓர் இரவில் சில லிட்டர் சேர்ந்துவிடும். நான்கு நாள் சேர்த்தால் ஒரு காரின் கடைசி அலசலுக்குப் போதும். பூவாளியில் ஊற்றிக் கூரையிலிருந்து மெல்ல வழியவிட்டால் கிணற்று நீரை அது கழுவிக்கொண்டு இறங்கும். மழை நீரும் இப்படித்தான். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. முதல் மழை மாடித் தூசியைக் கழுவிப் போன பிறகு பிடித்து வைக்கும் நீரைவிடக் காருக்கு உகந்த நீர் வேறில்லை. உப்பு நீர் முதலில், மென்னீர் கடைசியில் என்று தண்ணீரையும் வரிசைப்படுத்தினால், நல்ல தண்ணீரில் ஒரு சொட்டும் காருக்காகச் செலவாக வேண்டியதில்லை.

இத்தனை வாளி, இத்தனை அலசல் என்றால் தண்ணீர் பஞ்சமுள்ள ஊருக்கு இது ஆடம்பரம் இல்லையா என்ற மறுப்பு வரும். வர வேண்டிய மறுப்புதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்த நகரம் சென்னை. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. எனவே கணக்கை நேர்மையாகப் போடுவோம். நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் ஓஸ் பைப்பைக் கால் மணி நேரம் திறந்து வைத்தால் 180 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் திட்ட அளவு. ஒரு கார் ஒரு மனிதரின் ஒரு நாள் பங்கையும் தாண்டிக் குடித்துவிடுகிறது. தினமும் ஒரு காருக்கு 10 லிட்டர் வாளி என்றால் மாதம் 300 லிட்டர். இங்கே சொல்லும் முறையில் முதல் அலசலுக்கு 15 லிட்டர், வாளிகளுக்கு 20, கடைசிக்கு 10 என்று 45 லிட்டர் ஆகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவினால் மாதம் 90 லிட்டர். ஒரே வாளியில் நான்கு கார் துடைப்பவரின் கணக்கு மாதம் 75 லிட்டர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரில் அது சிக்கனம். ஆனால் நான்கு கார்களின் மணலும் நான்கு கார்களுக்கும் பங்கிடப்படுகிறது. நேரத்துக்கும் இதே கணக்குத்தான். தினம் ஐந்து நிமிடம் என்றால் மாதம் இரண்டரை மணி நேரம். முக்கால் மணி நேரக் கழுவல் இரண்டு என்றால் ஒன்றரை மணி.

பதினைந்து நாள் புழுதியோடு காரை விட்டால் பெயின்ட் கெடாதா என்பது அடுத்த கேள்வி. காய்ந்த புழுதி தானாக எதையும் செய்வதில்லை. கிளியர் கோட்டின் மேல் அது அமைதியாகக் கிடக்கும், அதன் மேல் துணியை இழுக்கும்போதுதான் கீறுகிறது. நிறுத்தி வைத்த காரின் தூசியைத் தினமும் உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தட்டுவது, இதுவரை பேசிய எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். வழுக்கத் தண்ணீரும் இல்லை, ஷாம்புவும் இல்லை, மணல் மட்டும் இருக்கிறது. காத்திருக்கக் கூடாதவை வேறு சில உண்டு. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் நின்ற காரில் சில மணி நேரத்திலேயே அது தடம் பதிக்கும். அதையும் சுரண்டக் கூடாது. நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் அப்படியே தூக்கி எடுக்க வேண்டும். வேப்ப மரத்தடியில் சொட்டும் பிசின், நெடுஞ்சாலையில் மோதிய பூச்சிகள், வீடு கட்டும் இடத்தில் தெறித்த சிமென்ட் எல்லாம் இதே வகை. கடற்கரையோரம் வசிப்பவர்கள், குறிப்பாகத் தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்க்காரர்கள், உப்புக்காற்றுக்காக வாரம் ஒருமுறை அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் தண்ணீர் அடிப்பது நல்லது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கல் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் அந்த ஈரம் துருவைத் தொடங்கி வைக்கும்.

எல்லாவற்றுக்கும் பிரஷர் வாஷர் வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். வீட்டு உபயோக இயந்திரம் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர்தான் செலவழிக்கிறது, முதல் அலசலுக்கு ஓஸ் பைப்பைவிடத் திறமையானது. வேகமான நீர் பரப்பை ஒட்டிய மெதுவான படலத்தை மெல்லியதாக்கி இன்னும் சிறிய துகளையும் பெயர்க்கும். ஆனால் எவ்வளவு வேகமானாலும் அந்தப் படலம் முழுதாக மறைவதில்லை, கடைசி மங்கலை எடுக்கக் கையும் துணியும் வந்தே ஆக வேண்டும். அப்போது வாளி விதியைக் கைவிட்டால் இயந்திரம் சேமித்ததையெல்லாம் ஸ்பாஞ்ச் செலவழித்துவிடும். முனையை ஓரடிக்குள் கொண்டுபோனால் கண்ணாடி ரப்பரும் உரிந்த பெயின்ட் ஓரமும் கிழியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழுவிய நீர் எங்கே போகிறது என்பது பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. ஜெர்மனியில் பல ஊர்களில் வீட்டு வாசலில் ஷாம்பு போட்டுக் கார் கழுவத் தடை இருக்கிறது. டயர்த்தூளும் எண்ணெயும் பிரேக் உலோகமும் கலந்த அந்த நீர் மழைநீர் வடிகாலில் இறங்கினால், எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்கோ கடலுக்கோதான் போகும். 180 லிட்டருக்குப் பதில் 45 லிட்டர் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கீழ்த்தளத்தில் வாளியோடு நிற்பவரிடம் திரும்பி வருகிறேன். குறை அவருடையதில்லை. தினமும் எல்லாக் கார்களும் பளபளக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தான். ஒரு வாளியும் ஒரு துணியும் தந்து, ஒரு மணி நேரத்தில் பத்துக் கார் முடிக்கச் சொன்னவர்களும் நாம்தான். குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அவருக்கு இரண்டு வாளிகளும் ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக் கொடுங்கள். தினமும் எல்லாக் காரையும் துடைப்பதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கார்களை முறையாகக் கழுவட்டும். பதினைந்து நாளில் வரிசை தானே ஒரு சுற்று வந்துவிடும். அவர் மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள்.